தோற்றுக்கொடுத்த அட்வகேட் ஜெனரல்

மணமேல்குடி பேருந்தில் என் முன் இருக்கையில் நரைத்த தலையோடு இரண்டு பெண் வக்கீல்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எத்தனையோ அட்வகேட் ஜெனரல் வந்துட்டுப் போயிட்டாங்க. எனக்காகத் தோத்தவரு ஒருத்தர்தான்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"அரசாங்கத்தோட பெரிய வக்கீலு ஒனக்காக ஏன்டி தோக்கணும்?"

"கடலோர நெலத்த அரசாங்கம் எடுத்த கேஸு. ஐகோர்ட்டுல எனக்கு அதுதான் மொத வாதம், பேச்சே வரல. அவரே எந்திரிச்சு, 'அந்தம்மாவுக்குச் சாதகமா ஒரு பழைய தீர்ப்பு இருக்கு, அத நான் மறைக்கக் கூடாது'ன்னு வாசிச்சாரு. எங்க ஊரு மீனவங்களுக்கு நெலம் திரும்பிருச்சு. அவரு பதவி போயிருச்சு."

"அப்புறம் பாத்தியா?"

"மதுரைக் கோர்ட்டு வராந்தாவுல பாத்தேன். ஏதோ சின்னக் கேஸுக்கு நின்னாரு. என்னாலதான போச்சுன்னு அழுதுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'இன்னிக்கும் எனக்கு எதிர்ப்பக்கம் நீதானாம்மா? அப்ப மறுபடியும் தோக்கணுமே'ன்னு சிரிச்சாரு."