இன்சார்ஜ் அக்கா

காலை ஓசூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், வழியிலுள்ள ஹெப்பகோடி கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: "இன்சார்ஜ்னா பெரிய ஆளு இல்லடி. எது நடந்தாலும் திட்டு வாங்குறவ."

"எங்களுக்கு லீவு நீங்கதானேக்கா குடுக்குறீங்க?"

"உங்களுக்குக் குடுப்பேன். எனக்கு யாரு குடுப்பா? ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரியில தங்கச்சி வீட்டுல இருந்து படிக்கிற என் பொண்ணு நேத்து போன்ல கேக்குறா, 'அம்மா, நீதான் இன்சார்ஜ் ஆயிட்டியே, இனிமே நெனச்சப்போ வரலாம்ல?'னு."

"என்ன சொன்னீங்க?"

"'பாக்கலாம்'னு சொல்லி போனை வச்சிட்டேன். அவ மொகத்தைப் பாத்து மாசக்கணக்காச்சு."

இளையவள் "போய்ட்டு வாங்கக்கா. மேல கேட்டா உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

ஹெப்பகோடியில் இளையவள் மட்டும் இறங்கினாள். மூத்தவள் கண்டக்டரைக் கூப்பிட்டு, கன்னடத்தில் இன்னொரு டிக்கெட் கேட்டாள்.

"ஓசூர் ஒந்து கொடி."