குளத்து வளைவில் அழித்த மூன்று குறிகள்

என் பெயர் தினேஷ்குமார், தகப்பனார் பெயர் துரைசாமி (காலமாகிவிட்டார்), வயது நாற்பத்தொன்று. கொல்கத்தாவை அடுத்த சோனார்பூரில், குளத்தை ஒட்டிய சந்தில், சொந்த வீட்டில் மனைவி தமிழரசியுடன் குடியிருக்கிறேன். பவானிபூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இந்த வாக்குமூலத்தை 2025 பிப்ரவரி 4-ஆம் தேதி காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்னிலையில் என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன்.

ஜனவரி 12 அன்று நான் கொடுத்த வாக்குமூலம் வங்காளத்தில் எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வங்காளம் சரளமாகப் பேச வரும், எழுதப் படிக்க வராது. இந்த முறை எழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். எழுதியவர் மாற்றி எழுதிவிட்டார் என்று பிற்பாடு நான் நழுவிவிடக் கூடாது. நழுவக்கூடிய ஆள்தான் நான். நடந்ததை வரிசையாக எழுதினால் போதும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்.

என் தகப்பனார் துறைமுக வேலையில் மாற்றலாகி இங்கே வந்தபோது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊரில் என்னைப் போல் தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிற சிலர் சேர்ந்து கார் ராலி கிளப் ஒன்று நடத்துகிறோம். இது வேகப் பந்தயம் அல்ல. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில், முந்தாமலும் பிந்தாமலும் கடப்பவருக்கே பரிசு. டாலிகஞ்ச் பக்கத்துக் கிளப்காரர்கள் எங்களை லோக்கல் டிரெயின் பார்ட்டி என்று கேலி செய்வார்கள். அதற்காகவே எங்கள் கார்களின் பின்கண்ணாடியில் சோனார்பூர் என்று பெரிதாக ஒட்டியிருக்கிறோம். இந்த ஆண்டு ராலி எங்கள் ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று முடிவானது. வழிப்புத்தகம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பமும் தூரமும் வரிசையாக இருக்கும். ஆபத்தான இடத்தில் ஆச்சரியக்குறி போட வேண்டும், மிக ஆபத்து என்றால் மூன்று. குடியிருப்புச் சந்தில் மூன்று குறி விழுந்தால் அந்தச் சந்தை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பின் விதி.

டிசம்பர் 29, ஞாயிறு காலை நான் காரை ஓட்ட, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். எங்கள் சந்துக்குள் நுழையும் குளத்து வளைவில் டோட்டோக்கள், அதாவது பேட்டரி ரிக்ஷாக்கள், வரிசையாக நிற்கும். வளைவுக்கு அப்பால் நிற்பது வளைந்த பிறகுதான் தெரியும். அந்த இடத்தில் அவள் மூன்று குறி போட்டாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரத்தில், மூன்றையும் ரப்பரால் அழித்தேன். "320 மீட்டர், வளைவு, தடை இல்லை" என்று எழுதினேன்.

ஏன் அழித்தேன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ராலி என் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம். முப்பத்து நான்கு வருடமாக இந்தப் பாடாவில், அதாவது இந்தத் தெரு வட்டாரத்தில், இருக்கிறேன். இன்னமும் எல்லோருக்கும் நான் மாட்ராஜி தாதா, அதாவது மதராஸி அண்ணன். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், குறை சொல்லவில்லை, ஆனால் அது விருந்தாளிக்குக் காட்டுகிற அன்பு. ஒரு நாளாவது இது என் தெரு என்று மைக்கில் சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

அதன் பிறகு கிளப் செயலாளர் மதுசூதன் கோஷ் போனில், குளத்து வளைவில் பிரச்சினை ஏதும் இல்லையே என்று கேட்டார். இல்லை, மது தா என்றேன் (தாதாவை இங்கே தா என்று சுருக்குவார்கள்). அவர் என்னை நம்பியே புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தார். இதில் அவர் மேல் தவறு எதுவும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு காலை, என் வீட்டு வாசலில் மேஜை போட்டு, வரும் கார்களின் நேரத்தை எண் வாரியாகத் தாளில் குறிக்கும் வேலையில் இருந்தேன். "தினேஷ் தாவின் தெரு வழியாக" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

9.42-க்கு ஏழாம் எண் கார் வளைவில் திரும்பியது. ஓட்டியவர் டாலிகஞ்சைச் சேர்ந்த கௌசிக் ராய். அதற்கு முன் ரயில்வே கேட்டில் இழந்த நேரத்தை ஈடுகட்ட, தடை இல்லை என்று என் புத்தகத்தில் இருந்ததை நம்பி, அவர் அழுத்தி வந்தார். நிமாய் மண்டல் தன் டோட்டோவை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, ஹாரன் அடித்து, தன் இடது ஓரமாகவே வந்துகொண்டிருந்தார். கார் டோட்டோவின் முன்பக்கத்தில் மோதியது. டோட்டோ கவிழ்ந்தது. சந்தையிலிருந்து அந்த ஓரமாக நடந்து வந்த மீரா என்ற பெண்மணி அதன் அடியில் சிக்கிக்கொண்டார். அவர் பையிலிருந்த மீன்கள் உயிரோடு ரோட்டில் துள்ளின.

நான் உடனே ஓடவில்லை. என் கை முதலில் ஏழாம் எண்ணுக்கு நேரே 9.42 என்று எழுதியது. அதன் பிறகுதான் ஓடினேன். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மீரா அவர்களுக்கு இடது கால் முறிந்தது. நிமாய்க்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தூக்கும்போது நிமாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தாதா, ஆப்னி தோ தேகேசேன்" என்றார். நீங்கதான் பார்த்தீங்களே என்று அதற்கு அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று பிற்பகல் இதே காவல் நிலையத்தில், டோட்டோ ஹாரன் அடிக்காமல், தவறான பக்கத்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது என்று சொன்னேன். அது பொய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. வழிப்புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நானே சொன்னேன். அதன் பேரில் நிமாய் மீது வழக்குப் பதிவாகி, அவர் டோட்டோவும் பறிமுதல் ஆனது.

அன்று சாயங்காலம் என் மனைவி அச்சான புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "நான் மூணு போட்டேன்ல? எங்க அது?" என்று கேட்டாள். அச்சில் விட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். அழுத்தி எழுதுகிறவள் அவள். அழித்த தடம் மூன்றும் தெரிந்தன. அதன் பிறகு சாப்பாடு, தண்ணீர் தவிர என்னிடம் வேறு பேச்சு இல்லை.

நிமாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருடமாக என்னைக் காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். நான் தாமதமானால் மற்ற சவாரிகளின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு எனக்காக நிற்பார். இந்த இருபத்து மூன்று நாளும் நான் நடந்தே போனேன், அதுவும் குளத்தைச் சுற்றாமல், பின்பக்கச் சந்து வழியாக.

பிப்ரவரி 1 அன்று நிமாயின் மனைவி சகுந்தலா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு டப்பாவில் புது பேரீச்ச வெல்லம் கொண்டுவந்திருந்தார். கிளப்காரர்களில் யாரோ ஒருவர் பொய் சாட்சி சொல்லிவிட்டார், நேரில் பார்த்த நீங்கள் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அந்த யாரோ நான்தான் என்று அவருக்குத் தெரியாது. வெளியாள் சாட்சியைத் தேடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்களாம், நிமாய் வேண்டாம் என்றுவிட்டாராம். நிமாய் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: "தினேஷ் தா ஆமாதேர் பாடார் லோக்." தினேஷ் அண்ணன் நம்ம பாடாக்காரர்.

இத்தனை வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். என்னால் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு தமிழரசி கதவைச் சாத்திவிட்டு, "வர்றேன்னு சொல்லிட்டீங்க. போய் என்னான்னு சொல்லப் போறீங்க?" என்றாள். வெல்லத்தை யாரும் தொடவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்திருந்தது. அதன் பிறகு இரண்டு நாள் கழித்து இன்று வந்திருக்கிறேன். அந்த இரண்டு நாளுக்கும் என்னிடம் காரணம் இல்லை.

பென்சில் நோட்டையும் அச்சான வழிப்புத்தகத்தையும் ஒப்படைக்கிறேன். நிமாய் மண்டல் மீது எந்தத் தவறும் இல்லை. கௌசிக் ராய் நான் எழுதியதை நம்பி வந்தவர். என் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை வங்காளத்தில் மொழிபெயர்த்த பிறகு, எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. நிமாய்க்கும் சகுந்தலாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பாடாவில், குளத்து வளைவில் வைத்து வாசித்தாலும் சரி. நானும் அங்கே நிற்கிறேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் நினைவு தெளிந்து, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது; இதில் பொய் இல்லை; ஜனவரி 12-இல் நான் சொன்னதில் இருந்தது.

(ஒப்பம்)
து. தினேஷ்குமார்
சோனார்பூர், 4.2.2025