அட்டையில் ஆண்

"ஹலோ... ஆமா, நெல்லை டவுண்தான். வடிவம்மாள் பேசுதேன்... யாரு? ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி?"

வடிவம்மாள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே அவள் கணவர் திருஞானசம்பந்தம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா... ஆமா ஆமா... சிவகணேஷ் எம் மகன்தான். என்ன ஆச்சு?... பஸ்ஸா? கூடங்குளம் ரோட்டுலயா?... ஐயோ, நெல்லையப்பா! உசுரு இருக்குல்லா?... மயக்கமா... சரி... சரி... எலெக்‌ஷன் அட்டையா? ஆமா, அது பின்னால இந்த நம்பர எழுதினது நாந்தான். எங்கயாவது விழுந்து கெடந்தா நமக்குத் தாக்கல் சொல்லுவாகளேன்னு... ஆமா, அதுல ஆணுன்னுதான் போட்டிருக்கும்."

பேப்பர் புரளும் சத்தம் நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன?... திருடுன அட்டையா? இல்லய்யா, இல்ல... அங்க கெடக்கது பொம்பளதான்... ஆமா. அட்டையும் அவளோடதுதான்... எப்படின்னா..."

மகன் பம்பாயில் பெரிய வேலையில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அவள் கணவர். நிஜத்தை அந்த வீட்டுக்குள் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஹலோ! வச்சிராதீங்க! சொல்லுதேன். ஆம்பளப் புள்ளையாப் பொறந்தா. இப்பம் பொம்பளையா இருக்கா. பேரு சித்ரலேகா... ஆமா, அதேதான். நீங்க என்ன பேரு வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. மொதல்ல ரத்தம் ஏத்துங்க... இன்னும் ஏத்தலையா? ஏன்?... ஆம்பள வார்டுல வேண்டாங்காகளா... பொம்பள வார்டுலயும்... அப்பம் எங்கதான்யா கெடக்கா?... வார்டுக்கு வெளிய நடையிலயா?"

சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க, சத்தம் போடாதீங்க, டாக்டர் பேசுதாரு!... இல்லய்யா, உங்களச் சொல்லல. வீட்ல அவுக... என்ன? அட்டையில சரியாப் போட்டிருந்தாத்தான் வைத்தியத்துக்கு வசதியா? ஆணுங்கிற அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா இந்நேரம் உள்ள தூக்கிட்டுப் போயிருப்பிய... தெரியணுந்தான்யா, இல்லங்கல. எங்கிட்டக் கேளுங்க. பம்பாய்ல ஆபரேசன் பண்ணிக்கிட்டா. மூத்திரத்துக்குக் குழாய் போட்டா பாத்துப் போடணும், வழி சின்னது. பென்சிலின் ஊசி ஆகாது, சின்னதுலயே உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிட்டு. இதெல்லாம் எந்த அட்டையில இருக்கு?... ஆங்... எழுதிக்கிட்டியளா? நல்லாருப்பிய."

கண்ணைத் துடைத்தாள்.

"வயித்தைக் கீறணுமா?... கையெழுத்தா? நான் போடுதேன்... தகப்பனார்தான் போடணுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். திருஞானசம்பந்தம் பேப்பரை நாலாக மடித்து வைத்தார். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவுக வரமாட்டாகய்யா. நான் வாரேன். பெத்தவ கையெழுத்து செல்லாதா?... செல்லுமா? சரி. சரி. இந்தா, டாக்சி பிடிச்சு வாரேன். அதுக்குள்ள உள்ள கொண்டு போயிருங்க... யாரோ கூப்பிடுதாகளா? போங்க, போய்ப் பாருங்க. நான் வைக்கல."

போனுக்குள் தூரத்தில் யாரோ ஓடும் சத்தம். இரும்புச் சக்கரங்கள் கடகடத்தன. பிறகு அந்தச் சக்கரங்களும் நின்றன. வடிவம்மாள் ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"ஆங், டாக்டர்... சொல்லுங்க. கெளம்பிட்டேன்... பைய வந்தாப் போதுமா? ஏன்?... கையெழுத்து வேண்டாமா?... ஏன்யா வேண்டாம்?... ஐயா?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.