பிள்ளையத் தொட்டில்ல போடுறதுக்கு முந்தி

பயப்படாத தாயி, பைத்தியமெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரவுகதான். நீ பிள்ளைய மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்க. உன் சேலைக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரம் தொட்டிலுக்குள்ள உக்காந்து ஆடிப் பாப்பாக, பெறகு அவுகளே இறங்கிருவாக.

ஆமா, வாஸ்தவந்தான். முன்னப்பின்ன தெரியாத ஆம்பள வந்து, தூங்குற பிள்ளையத் தூக்கி உன் கையில குடுத்துட்டு, நீ மரத்துல கட்டுன தொட்டிலுக்குள்ள தானே ஏறி உக்காந்தா யாருக்கும் பகீர்னுதான் இருக்கும். ஆனா உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சாக. நாங்க வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுறவுக. மத்த நேரம் தமிழு நல்லாப் பேசுவாக, பதட்டம் வந்துட்டா வீட்டுப் பேச்சுதான் வாயில வரும். கிளை தாங்குமான்னு பாத்துக்கிறேம்மான்னுதான் சொன்னாக. உனக்கு அது என்னமோ மந்திரம் மாதிரி கேட்டிருக்கு.

பஸ்ஸா? அது இப்பத்திக்குக் கெளம்பாது. பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போயிருச்சு, நமக்குக் கரியில ஓடுற பஸ்ஸுதான். அந்தா பின்னாடி ஒருத்தன் வேர்க்க விறுவிறுக்கச் சுத்துறானே, அந்த அடுப்பு பிடிச்சு எரிஞ்சு, பெறகு அம்புட்டுப் பேருமா தள்ளி, அதுக்கும் பெறகுதான். நீ இப்படி நெழலுக்கு வந்து உக்காரு.

நரிக்குடிக்கா போற? நாங்க திருச்சுழி. இந்தா மடியில தூங்குறாளே, சௌடேஸ்வரி, இவளுக்கு முடியெறக்கணும். அவுக பேரா? அத நான் எப்படிச் சொல்ல. அருப்புக்கோட்டையில எங்க தெருவுக்கு வந்து, தொட்டிலு அப்பய்யா வீடு எதுன்னு கேட்டா நண்டு சிண்டுகூடக் காட்டும். நான் சொல்லல, ஊரு சொல்றதச் சொன்னேன்.

இவ வயித்துல இருக்கையில ஆரம்பிச்சது தாயி. நாங்க நெசவுக்காரவுக. நூலு கண்ட்ரோலு வந்து ஊரே கட்டச் சீல இல்லாம முழிக்குது, அவுக எங்க பங்குக்கு வந்த நூலுல ரெட்டை இழை போட்டுத் தொட்டிலுக்குன்னு ஒரு துணி நெய்ஞ்சாக பாரு, அது துணி இல்ல, சமுக்காளம். கயிறும் சாதாக் கயிறு இல்ல. கெணத்துத் தண்ணி எறைக்கக் கமலையில மாடு இழுக்குமே, அந்த வடம். எங்க அண்ணன் வேங்கடபதி பாலவனத்தத்துல இருந்து வந்தவரு தொட்டுப் பாத்துட்டு, மாப்பிள, இதுல பிள்ளைய வளக்கப் போறீகளா, கெணத்துக்குத் தூரு வாரப் போறீகளான்னு கேட்டாரு. அவுக சிரிக்கல. வடத்தை முறுக்கி முறுக்கிப் பாத்துக்கிட்டே இருந்தாக.

இவ பொறந்தா. தொட்டில்ல போடுற அன்னைக்கு அண்ணன் வீட்டுல இருந்து சீரு வருது. வீடு மெழுகி, மாவிலை கட்டி, எல்லாம் ஆச்சு. அவுக வந்து, இன்னும் சோதிக்கலையேங்கிறாக. ஆட்டுக்கல்லுக் குழவியத் தூக்கித் தொட்டில்ல வச்சு ஆட்டுறாக. தாங்குச்சு. சரி, பிள்ளையக் குடுங்கன்னு மருத்துவச்சி மாரிக்கனி வந்தா, கல்லு அசையாமக் கெடக்கும், பிள்ள அசையுமே, உசுருள்ளதா ஒண்ணு வேணும்னு சொல்லிட்டுக் கொல்லைப்பக்கம் போனாக. பரளச்சியில வாங்குன வெள்ளாடு ஒண்ணு நின்னுச்சு. அதத் தூக்கியாந்து உள்ள போட்டுட்டாக.

சிரி, சிரி. இன்னைக்கு எனக்கும் சிரிப்பாத்தான் வருது. அன்னைக்கு அழுகையா வந்துச்சு.

அந்த ஆடு மொதல்ல கத்துச்சு. ரெண்டு வீச்சு ஆட்டவும் அடங்கிருச்சு. மூணாவது வீச்சுல கண்ணச் சொக்கிருச்சு. அந்த நேரம் பாத்துச் சீரு வந்துருச்சு. சீரோட வந்த எங்க பெரியம்மாவுக்குப் பார்வை மட்டு. நேரா தொட்டிலுகிட்டப் போயி, கைய உள்ள விட்டு ஆட்டுத் தாடியத் தடவிட்டு, பிள்ளைக்கு முடி நல்லா அடர்த்தின்னாக. அப்பன மாதிரி நீள மூஞ்சின்னும் சொன்னாக. சொல்லிட்டு வெள்ளி அரைஞாணை எடுத்துக் கட்டப் போனாக, நாந்தான் ஓடிப் போயித் தடுத்தேன்.

அதுக்குப் பெறகு ஆடு தரையில படுக்க மாட்டேன்னுருச்சு. பொழுது சாஞ்சா தொட்டிலுக்குக் கீழ வந்து நின்னு கத்தும். தூக்கிப் போட்டு ஆட்டுற வரைக்கும் தெருவே தூங்க முடியாது. எம்பிள்ள பாயில, ஆடு தொட்டில்ல.

அவுகளுக்கு அதுலயும் மனசு ஆறல. ஆடு ஒடுங்கிக் கெடக்கு, பிள்ள காலு ரெண்டையும் உதைக்குமேன்னு யோசனை. தானே ஏறி உக்காந்து காலக் கால உதைச்சுப் பாத்தாக. நான் ஒல்லி ஆளு, எம் பாரம் ஒரு பாரமான்னாக. நேரா தெருமுக்குல செக்கு வச்சிருக்கிற சங்கரபாண்டியன் அண்ணாச்சிகிட்டப் போனாக. அவரு எங்க வீட்டு வாசல்ல நுழையணும்னா ஒருச்சாச்சுத்தான் நுழையணும், அப்பேர்ப்பட்ட தடிச்ச ஆளு. வீட்டுக்கு ஒருநடை வரணும் அண்ணாச்சின்னு கூப்புட்டதும், மனுசன் விருந்துன்னு நெனச்சுக் குளிச்சுத் துண்ணூறு பூசி வந்துட்டாரு.

உக்காந்தாரு. துணி அவரச் சுருட்டி முழுங்கிருச்சு. மேல குடுமி தெரியுது, கீழ பாதம் ரெண்டு தெரியுது, நடுவுல ஆளக் காணோம். எந்திரிக்க முடியல. வெளிய இருந்து இழுத்தா தொட்டிலும் சேந்து வருது. துணிய வெட்டிருங்கப்பான்னு உள்ள இருந்து சத்தம் கொடுக்குறாரு. அவுக கத்தரியத் தூக்கி எறவானத்துல ஒளிச்சு வச்சுட்டு, நூலு கெடைக்காது அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கங்கிறாக. எண்ணெ வாங்க வந்த சனமெல்லாம் செக்குல ஆளக் காணாம எங்க வீட்டுக்கு வந்துருச்சு. தொட்டிலுக்குள்ள இருந்தே யாருக்கு எந்த எண்ணெயின்னு சொல்லி அனுப்புறாரு. கடைசியில அவரு சம்சாரம் வந்தாக. ஒரு பார்வை பாத்தாக. கயித்தப் பிடிச்சு நாலு வீச்சு ஆட்டிட்டுப் போயிட்டாக. அண்ணாச்சி குறட்டை விட்டுத் தூங்கிட்டாரு. தூக்கத்துல உடம்பு தளந்து, அவராவே வழுக்கி வெளிய வந்துட்டாரு.

மறுநா மத்தியானம் மறுபடி வந்து நிக்கிறாரு. நேத்து சரியாச் சோதிக்கல போல அப்பய்யா, இன்னொருவாட்டி பாத்துருவமாங்கிறாரு. அன்னைக்கும் பாத்தாக. அதுக்கடுத்த நாளும் பாத்தாக. பகலுக்கு அண்ணாச்சி, சாயங்காலத்துக்கு ஆடு. எம்பிள்ளைக்கு அதே பாயிதான்.

இல்ல தாயி, அவுக சொல்றதெல்லாம் கிறுக்குன்னு தள்ளவும் முடியாது. நீ கட்டுன எடத்துக்கு நேர் கீழ ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருந்துச்சு, பாத்தியா? மொதல்ல அதத்தான் பேத்து வீசுனாக. இடுப்பு ஒசரத்துக்கு மேல எப்பவும் கட்டாத. முழங்காலு ஒசரம் போதும். ரெண்டு பக்கமும் துணி சேந்து மூஞ்சிய மூடாம இருக்கக் குறுக்க ஒரு கம்பு வையி. பால் சிந்துன துணிய மாத்திரு, எறும்பு கயித்து வழியாவே எறங்கி வரும். சின்னப் பிள்ளைகள ஆட்டச் சொல்லிட்டு நீ அங்கிட்டுப் போயிராத, அதுக வெளையாட்டுக்கு வீசிவிட்டுரும். இதெல்லாம் அவுக எனக்கு நித்தம் சொல்லுறது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

பெறகு என்னவா? அண்ணாச்சி ஏறி எறங்குனதுல வீட்டு விட்டம் லேசா முனகுச்சு. அம்புட்டுதான். பனங்கட்டை கொண்டாந்து விட்டத்துக்கு முட்டுக் குடுத்தாக. அந்த முட்டு சாயுமோன்னு அதுக்கு ஒரு முட்டு. வீட்டுக்குள்ள பனந்தோப்பு மாதிரி ஆயிப்போச்சு. தறிக்குழியில உக்காந்து நூலோட ஓடுற நாடாவ இங்கிட்டு விட்டா அங்கிட்டுக் கட்டையில இடிக்குது. நெசவு நின்னுபோச்சு. துணி வராட்டி நூல வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு நூலு குடுக்குற சொசைட்டியில இருந்து ஆளு வந்து சொல்லிட்டுப் போறாரு. அடுப்பு எரியணும்ல. எனக்கு அன்னைக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

சொசைட்டியில போயி நல்லபடியாப் பேசி வாங்கன்னு அவுகள அனுப்பி வச்சேன். ஆட்டப் பிடிச்சுக் கொல்லையில கட்டுனேன். அண்ணாச்சி வந்தாரு, இன்னைக்குக் கெடையாதுன்னு கதவச் சாத்துனேன். பிள்ளையத் தூக்கித் தொட்டில்ல போட்டேன். அம்மா, அவ தூங்குனா பாரு. கையி ரெண்டையும் விரிச்சுப் போட்டு, வாயத் தெறந்துக்கிட்டு. பொறந்ததுல இருந்து அப்படி ஒரு தூக்கம் அவ தூங்கல.

அவுக திரும்பி வந்தாக. வாசல்ல நின்னு பாத்தாக. கையில இருந்த நூலுக் கட்டு கீழ விழுந்துச்சு. சரி, ஊரக் கூட்டிச் சத்தம் போடப் போறாகன்னு நானும் பதிலுக்குப் பேச எல்லாத்தையும் நெனச்சு வச்சிருந்தேன். அவுக என்னடான்னா உள்ள வந்தாக. குனிஞ்சாக. தொட்டிலுக்குக் கீழ ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு வச்சாக. தொடல. தொட்டிலு அங்கிட்டுப் போனா கையும் அங்கிட்டுப் போகுது, இங்கிட்டு வந்தா இங்கிட்டு வருது. கூடவே காலும் நடக்குது. பிள்ள முழிக்கிற வரைக்கும் அப்படியே குனிஞ்சபடி போறாக வாராக, போறாக வாராக. பெறகு இடுப்பு நிமிரல. நாந்தான் எண்ணெ தேச்சு நிமித்தி விட்டேன்.

அன்னையில இருந்து தெனமும் அதுதான். சரி, அந்த மட்டுக்கும் பிள்ள தொட்டிலுக்கு வந்துருச்சேன்னு, முட்டுகள நானே ஒவ்வொண்ணாப் பிடுங்கிட்டுத் தறியில எறங்கி உக்காந்தேன். அவுக தொட்டிலோட நடக்க, நான் நெய்ய. தெருவே வேடிக்கை பாக்க வரும். ஆம்பள தொட்டிலு காக்கான், பொம்பள தறி நெய்யிதான்னு பேசாத வாயில்ல. இவ தவந்து, எந்திரிச்சு நின்னு, தொட்டிலே வேண்டாம்னு இறங்கி ஓடுற வரைக்கும் அந்தக் கை கீழதான் இருந்துச்சு.

நெசவுக்காரவுக தறியில இருந்துக்கிட்டே காலுல ஒரு கயித்தக் கட்டித் தொட்டில ஆட்டுவாக. எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். இவளுக்கு மட்டும் அந்தக் கயித்தக் கட்ட விடவே இல்ல.

என்ன கேட்ட? இவ தலைச்சனான்னா? இல்ல தாயி, இவ ரெண்டாவது.

தலைச்சன் பையன். லிங்கம்னு பேரு வச்சோம். தவக்க ஆரம்பிச்சிருந்தான். வாந்திபேதி வந்துச்சுல்ல அந்த வருசம், எங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணா வாரிக்கிட்டுப் போச்சே, அதுல போனான். தொட்டில்ல போட்டுட்டு நான் கஞ்சித்தண்ணி வைக்கப் போனேன். அவுக தறியில இருந்து காலால ஆட்டிக்கிட்டு இருந்தாக. நான் வந்து தொட்டுப் பாக்கையில குளுந்து கெடக்கான். அவுக இன்னும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்காக.

கயிறு அந்துபோகல. கொக்கி வெலகல. துணியில ஒரு இழை பிரியல. ஆனா யாரு கேட்டாலும் அவுக கயிறு அந்துபோச்சும்பாக. கயிறு மட்டம், நான் பாத்துக் கட்டியிருக்கணும்பாக. எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாக.

நானும் ஆமாம்பேன்.

இந்தா, இறங்கிட்டாக. கிளை தாங்குமாம். போ தாயி, பிள்ளையக் கொண்டுபோயிப் படுக்கவையி.