வெந்நீர் பட்ட முந்தானை

“ரத்தக்கறைக்கு எவளாச்சும் வெந்நிய ஊத்துவாளா?”

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்து வந்தது அந்தக் குரல். ஐம்பது வயதிருக்கும் ஒருத்தி, பக்கத்தில் இருந்த இளையவளின் முந்தானையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு.

“துண்டு, பெட்சீட்டுன்னா வெந்நியில ஊறப்போடு. எண்ணெப்பிசுக்குக்கும் அதுதேன். ரத்தத்துக்குப் பச்சத்தண்ணிதேன். சூடு பட்டா கறை ஒட்டிக்கிரும்.”

இத்தனை வருஷம் துணி துவைத்தும் இது எனக்குத் தெரியாது.

“எப்படிப் பட்டுச்சு?”

“திராட்சைக்குக் கவாத்து வெட்டுறப்ப அவுக கையில கத்திரி பட்டுருச்சு மதினி. வேற துணி இல்ல. இதுலதேன் சுத்திப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அப்பவே அலசிருக்கலாம்ல?”

“சோலி கெடந்துச்சு. பெறகு பாத்துக்கிருவோம்னு கொடியில போட்டேன். அந்த வாரந்தேன் அவுகளுக்கு நெஞ்சுவலி வந்துச்சு.”

மதினி முந்தானையை விடவில்லை. பஸ் உத்தமபாளையத்தில் நின்று கிளம்பியது.

“கருமாதியன்னைக்கு அவுக வேட்டி, சட்டை, போத்துற போர்வை எல்லாத்தையும் ஆத்துல விட்டுட்டாக. நீங்களும்தேன் அங்கன நின்னீக.”

“ஆமா ஆத்தா, அதுதானே வழக்கம். இது நீ கட்டுற சேலை. சூடு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாமப் போச்சே.”

“தெரியும் மதினி. தெரிஞ்சுதேன் கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன்.”