சாம்பல் நிறப் பேண்ட்

காலையில் எழுந்ததும் முதலில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற வைப்பேன். அது சூடாவதற்குள் பல் தேய்த்து முகம் மழித்துவிடலாம். சட்டையில் முதலில் காலர், பிறகு கை, பிறகு தோள், கடைசியில்தான் உடம்புப் பகுதி. மாற்றிச் செய்தால் தேய்த்த இடமே மறுபடி கசங்கும். ஷூவை முந்தின நாளே துடைத்து வைத்துவிடுவேன். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். சட்டைப் பையில் ஒன்றும் வைப்பதில்லை. இன்றும் அப்படித்தான் கிளம்பி வந்தேன். வாசலில் இருந்த உங்கள் காவலர் என்னை வக்கீல் என்று நினைத்து எழுந்து நின்றார்.

விபத்தன்று நான் போட்டிருந்த உடையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். மேசைமேல் இருக்கும் பையில் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். அன்றைக்குப் பிறகு துவைக்கவில்லை. மடிப்புக் கலையாமல் எடுங்கள்.

பேண்டைப் பற்றிச் சொல்வதென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நான் லிஃப்ட் ஆய்வாளர். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கட்டடமாகப் போய், அங்குள்ள லிஃப்டை ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுவது வேலை. படிப்புக்குக் குறைவில்லை. ஆள்தான் பார்க்கச் சகிக்காது. கல்லூரியில் போட்ட பழுப்புப் பேண்டையே வேலைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் நாலு பேனா, ஒரு டெஸ்டர். காலில் ரப்பர் செருப்பு. பராமரிப்பு நிறுவனத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் எல்லாக் கட்டடத்துக்கும் என்னோடு வருவார். வயதில் மூத்தவர், நரைத்த மீசை, நல்ல உயரம். ஒரு கட்டடத்தில் காவலாளி அவருக்கு விறைப்பாக சல்யூட் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"தம்பி, சாமானெல்லாம் பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போ."

மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை. அன்று முழுக்க, "ஆபீசர் நான், ஹெல்பர் நீ. வா தம்பி, அந்த ஸ்பேனரை எடு," என்றே வேலை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

அவள் ஒரு பெரிய துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை உடுத்துபவள். கடையின் கண்ணாடிச் சன்னலில் நிற்கின்றனவே, அந்தப் பொம்மைகள். அவள் பொறுப்பில் ஆண் பொம்மைகள் பன்னிரண்டு இருந்தன. அன்றிலிருந்து என் பெயர் பதிமூணு.

"நேரா நில்லு பதிமூணு. மத்த பன்னெண்டும் இப்படி நெளியாது."

"அதுங்களுக்குக் கூச்சம் கிடையாது."

"பேச்சும் கிடையாது. அதான் எனக்குப் பிடிக்கும்."

தோள் தையல் தோளெலும்பில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பேண்டின் கால் ஷூமேல் ஒரே ஒரு மடிப்புதான் விழலாம். பையில் பேனா வைத்தால் எல்லோரும் பேனாவைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை அவசரமான கூட்டத்துக்குத் தொளதொளவென்ற சட்டை ஒன்றை, பொம்மைக்குச் செய்வதுபோல முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக் குண்டூசி குத்தி அனுப்பினாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கூட்டம் முடியும்வரை நாற்காலியில் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்கிறான், பொறுப்பான பையன் என்று மேலாளர் யாரிடமோ சொன்னாராம்.

உடை மாறியதும் எல்லாமே மாறியது. காவலாளிகள் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் சொன்ன தேதியில் பழுது பார்த்தார்கள். என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், ஒருநாள் தன்னையறியாமல் சார் என்றார். இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்பட்டோம். பிறகு அதுவே பழகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. லிஃப்டைப் பார்ப்பது அழுக்கான வேலை. அதற்காக ஒரு ஓவரால் உண்டு. சட்டை பேண்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் முழு உடை. அதைத் திணித்துக்கொண்டு போக முதுகுப்பை வேண்டும். முதுகுப்பை தோளைக் கசக்கும். எனவே மெல்லிய தோல் பை ஒன்று வாங்கினேன். அதில் ஓவரால் அடங்கவில்லை. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். மனைவிக்கு இது தெரியாது. ஓவரால் அலுவலகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கடையில் சரக்கு லிஃப்ட் ஒன்று உண்டு. பழசு. ஒரு வாரமாக அது நடுவில் உதறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தில் பொம்மைகளைப் படியிலேயே தூக்கிக்கொண்டு இறங்கினாளாம். விற்பனைப் பெண்களையும் அதில் ஏற விடவில்லையாம்.

"எங்க வீட்டுக்காரர் வந்து பாக்கட்டும், அப்புறம் ஏறலாம்னு சொல்லி வச்சிருக்கேன். மானத்தை வாங்கிடாத."

ஆய்வுத் தேதி வந்தது. அதே நாள் பிற்பகல் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல். அதற்காக அவள் வாங்கித் தந்ததுதான் அந்தச் சாம்பல் நிறப் பேண்ட். காலையில் அவளே இஸ்திரி போட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "சட்டை பத்திரம்," என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். இதைத்தான் சொன்னேன். என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா மாப்ள?" என்று கேட்டபோதும், "சட்டை பத்திரம்னு சொன்னா அத்தை," என்றேன். அந்த அழுகையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவ அப்படித்தான்," என்றார். விசாரணைக் குழுவிலும் இதைச் சொன்னேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இனி லிஃப்ட். அதன் அடியில் ஒரு குழி இருக்கும். குழியில் ஓர் இரும்பு எடை தொங்கும். அது மேலேயிருந்து வரும் மெல்லிய கம்பிக் கயிறு ஒன்றை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும். லிஃப்ட் கட்டுமீறி இறங்கினால் அதன் பிடிகளைத் தண்டவாளத்தில் கவ்வ வைப்பது அந்தக் கயிறுதான். நாள்பட்ட கயிறு நீண்டுவிடும். நீண்டால் எடை தரையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் கயிறு இருந்தும் ஒன்றுதான், இல்லாமற்போனாலும் ஒன்றுதான். அந்தப் பழைய லிஃப்டில் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குழியில் இறங்கி மண்டியிட்டு எடைக்கு அடியில் கை விட்டுப் பார்ப்பது. தடைபடாமல் கை நுழைந்தால் நல்லது.

மெக்கானிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். குழியில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

"என்ன சார், மாப்பிள்ளைக் கோலத்துல வந்திருக்கீங்க. ஓவரால் எங்க?"

"வீட்ல இருக்கு."

"அது அங்க என்ன பண்ணுது? என்னோடதைக் கழட்டித் தரேன், போட்டுக்கங்க. நாத்தம் கொஞ்சம் இருக்கும், நாலு நாள்ல பழகிடும்."

வேண்டாம் என்றேன்.

"அப்ப நான் இறங்கவா? பராமரிக்கிறவன் பாத்தா செல்லாதும்பீங்க. போன தடவை எடைக்கு அடில கை நுழைஞ்சுது சார். இப்ப எப்படின்னு தெரியல. நீங்க பாத்துடுங்க."

மேலே மோட்டார் அறைக்குப் போய் ஒரு எண்ணைக் குறித்து வரச் சொன்னேன். அந்த எண் எனக்குத் தேவையில்லை. அவர் போனதும் குழிவாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது. அவர் திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்தி, கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் என் ஷூவைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார். "பறந்தா சார் இறங்குனீங்க?" என்றார். நான் சிரித்தேன். கொஞ்சம் தாமதித்து அவரும் சிரித்தார். இதை அவர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நேர்காணல் நன்றாகப் போனது. கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் லிஃப்டின் பிரேக் நழுவியது. உள்ளே சுண்ணாம்புப் பொம்மைகளும் அவற்றின் இரும்புப் பீடங்களும், அவளும் இருந்தார்கள். கயிறு தளர்ந்திருந்ததால் பிடிகள் கவ்வவில்லை. வெளியே வந்து கைப்பேசியை உயிர்ப்பித்ததும் கடை மேலாளர் அழைத்தார். லிஃப்ட் விழுந்துவிட்டது, உங்கள் மனைவி உள்ளே இருந்தார் என்றார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று நான் கேட்டேன். ஆனால் அதற்கு முன்னால், "காலையில் நான் குழியில் இறங்கிப் பார்த்தேனே," என்றேன். வரிசை அதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

பதவி உயர்வு கிடைத்தது. பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தேன்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கிப் பார்த்ததாகவும், எடை தொங்கிக்கொண்டிருந்ததாகவும் சொன்னேன். பிறகு எப்படித் தளர்ந்தது என்று கேட்டார்கள். மெக்கானிக் அதற்குப்பின் ஏதோ கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னேன். அவர் எதையும் கழற்றவில்லை. அவர் வந்து நின்றபோது ஓவராலில் கிரீஸ் கறை. கோபத்தில் வார்த்தை தடுமாறியது. "அந்த ஆள் பேண்ட்ல ஒரு கறை கூட இல்லைங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். குழுத் தலைவர், இங்கே பேண்டைப் பற்றிப் பேச வரவில்லை என்றாராம். தேய்த்த சட்டை சொல்வதை ஜனங்கள் நம்புகிறார்கள். இதை நான் உண்டாக்கவில்லை. பயன்படுத்திக்கொண்டேன்.

மெக்கானிக் இப்போது உங்கள் காவலில் இருக்கிறார். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் பேண்டைக் கேட்டீர்கள். அந்தக் குழியில் மண்டியிட்டவனின் முட்டியில் எண்ணெய் இல்லாமலிருக்க வழியில்லை.

ஆகவே இன்று காலை இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தபோது, பேண்டை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு கிரீஸ் டப்பாவைத் திறந்து வைத்தேன். இரண்டு முட்டியிலும் ஒரு தீற்று தீற்றினால் போதும். மெக்கானிக்கின் கதை முடிந்துவிடும். விரலைத் தோய்த்தும் விட்டேன். தீற்ற மனம் வரவில்லை. மனசாட்சி என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நல்ல துணி. அவள் தேடி அலைந்து வாங்கியது. விரலைத் துடைத்துக்கொண்டு இன்றைய சட்டையைத் தேய்த்தேன். அப்போதுதான் உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று பட்டது. வேறு வழியும் இல்லை.

நான் குழியில் இறங்கவில்லை. கை விட்டுப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் செய்யாத மனிதர்மேல் பழியைப் போட்டேன். அவரை விட்டுவிடுங்கள்.

இவ்வளவுதான் என்று எழுந்துவிடலாம். ஆனால் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். "சட்டை பத்திரம்" என்று அவள் சொன்னது உண்மை. அது கடைசி என்பது பொய். நானே பலமுறை சொல்லிச் சொல்லி, அவள் பேச்சைக் காப்பாற்றத்தான் இறங்கவில்லை என்று எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

கையெழுத்துப் போட்டபின் அதே லிஃப்டில் ஏறி, அவள் வேலை செய்யும் மேல்தளத்துக்குப் போனேன். நேர்காணலுக்கு முன் ஒருதரம் காட்டிவிட்டுப் போகலாம் என்று. கீழ்த்தளச் சன்னலுக்குப் போகவேண்டிய பொம்மைகள் துணியில்லாமல் வரிசையாக நின்றன. படியில் தூக்கிக்கொண்டு போக அவற்றுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள். என்னைக் கண்டதும் அவற்றை எடுத்துவிட்டு, காலரை நேராக்கினாள்.

"குழில இறங்கிப் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளே என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போய் இறக்கியிருப்பாள். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்."

பேண்டின் கால் ஷூமேல் எப்படி விழுகிறது என்று பார்க்கக் குனிந்தாள். பொம்மைகளுக்கும் அப்படித்தான் குனிவாள். முட்டியை விரலால் ஒருமுறை தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. பக்கத்திலிருந்த பொம்மையின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஒரு பொட்டு அழுக்கு இல்ல. ஆனா நீ பாத்தேன்னு சொல்ற. சரி பதிமூணு, உன்னை நம்பி எல்லாத்தையும் லிஃப்ட்லயே இறக்கிடறேன், நீ கிளம்பு."