பெல்மோர் கழுதைகளுக்கு என் கை எழுதாது

...அதுவும் வெள்ளை நுரைப்பஞ்சு, சார்! ஜூலை மாச வெயில்ல! ஆ காட்டுங்க... இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே. வலிச்சா இடது கையத் தூக்குங்க, பேச வேணாம். பேசினீங்கன்னா காரை சுரண்டுற இந்தக் கொக்கி நாக்குல குத்திடும். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பல்லு வேஷம். ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல்லு. கீழ ரெண்டு வேரு, அதுக்குள்ளதான் காலை விடணும். மூச்சு விட ஒரு ஓட்டை போட்டிருக்கான், அது என் நெத்திக்கு நேரா இருக்கு. நெத்தியால எவளாவது மூச்சு விடுவாளா? அதை மாட்டிக்கிட்டு ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல மெயின் ரோடு முழுக்க நடக்கணும். மத்த வண்டிக்காரங்க எல்லாரும் பசங்களுக்கு மிட்டாய் வீசுறாங்க. நான் டூத்பிரஷ் வீசுறேன். பசங்க திருப்பி என்மேலயே வீசுதுங்க சார்!

மூணு வருஷமா நான்தான் பல்லு. நம்ம டாக்டர் ஹோஸ்டெட்லர் போட்ட சட்டம். காலேஜ் பாஸ்கெட்பால் போட்டிக்கு இந்தக் கிளினிக்ல எல்லாரும் ப்ராக்கெட் போடணும், அதாவது யாரு யாரு ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், யாரு கடைசியோ அவங்க ஜூலை நாலு அன்னிக்குப் பல்லு. நல்ல மனுஷன்தான், ஆனா சட்டம் போடுறதுல மட்டும் ஒரு குரூரம்.

நீங்க ஊருக்குப் புதுசு இல்ல? ஹைஸ்கூலுக்குக் கணக்கு வாத்தியாரா வந்திருக்கறதா எழுதியிருக்கீங்க. அதான் உங்களப் பாத்ததும் எனக்கு உசுரே வந்துச்சு. இண்டியானாவுல இருந்துக்கிட்டு பாஸ்கெட்பால் தெரியாதுன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க, வாடகைக்கு வீடு கூடக் குடுக்க மாட்டாங்க. ஈசி சார், அறுபத்துநாலு காலேஜ், ரெண்டு ரெண்டா மோதும். தோத்தவன் வீட்டுக்கு, ஜெயிச்சவன் அடுத்த ஆட்டத்துக்கு. கடைசில ஒரே ஒரு டீம் மிஞ்சும். ஆனா பாருங்க, முதல் பந்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடியே எல்லா ஆட்டத்துக்கும் யாரு ஜெயிப்பான்னு எழுதிக் குடுத்துடணும். ஒருத்தனைத் தப்பா வெளிய அனுப்பிட்டோம்னு வைங்க, அவன் ஜெயிச்சுக்கிட்டே போவான், நமக்கு வரிசையா மார்க்கு போய்க்கிட்டே இருக்கும். பின்னாடி போகப் போக மார்க்கும் ஜாஸ்தி.

இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு முதல் ஆட்டம். இப்ப என்ன மணி? ஐயையோ. அதோ, லைட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கேன் பாருங்க, அதான் என் ப்ராக்கெட். எக்ஸ்ரேவா? உங்க எக்ஸ்ரே கீழ விழுந்துடுச்சு, பரவாயில்ல, பல்லு வாயில தானே இருக்கு. வாயைத் திறந்தே வைங்க.

இப்ப இத சொல்லுங்க. டன்வெல்லா, கிராண்ட் ஹாலோவா? டன்வெல் அஞ்சாம் நம்பரு, ஹாலோ பன்னெண்டு, நம்பரு சின்னதா இருந்தா டீம் பலம்னு அர்த்தம். வருஷா வருஷம் எங்கயாவது ஒரு பன்னெண்டாம் நம்பரு அஞ்சாம் நம்பரைக் கவுத்துவிடும், இது ஊருக்கே தெரியும். எங்க கவுக்கும்? அதான் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் நேத்து முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டேன்... டன்வெல்லு... டன்வெ... ஆ! கையத் தூக்கிட்டீங்க! டன்வெல்தான்றீங்க! பாத்தீங்களா, படிச்ச மூளை படிச்ச மூளைதான். எழுதியாச்சு.

எங்க ரிசப்ஷன்ல நொரீன் இருக்காளே, உங்களை உள்ள அனுப்பினாளே, அவ எப்படிப் போடுறா தெரியுமா? யூனிபார்ம் கலரைப் பாத்து! ஊதான்னா ஜெயிக்கும், ஆரஞ்சுன்னா தோக்கும், அவ்ளோதான் அவ சாஸ்திரம். போன வருஷம் முதலிடம்! டாக்டர் நவம்பர்லேர்ந்து ஒரு ஆட்டம் விடாம பாக்கிறவரு, அவருக்கே அவ மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. இப்ப அவ வேலைக்கு வரும்போது என்ன கலர்ல சட்டை போட்டிருக்கான்னு எட்டிப் பாக்குறாரு.

நானும் ஒரு வழி பண்ணிப் பாத்தேன் சார். என் பூனைகிட்டக் கேட்டேன். ரெண்டு தட்டு, ரெண்டுலயும் டூனா மீனு, இந்தத் தட்டு இந்தக் காலேஜ், அந்தத் தட்டு அந்தக் காலேஜ். எதுல முதல்ல வாயை வைக்குதோ அவன் ஜெயிச்சான். முதல் ரவுண்டுலயே முப்பத்திரண்டு ஆட்டம். எந்தப் பூனை தாங்கும்? பாதியிலயே கால நீட்டிப் படுத்துடுச்சு. அள்ளிக்கிட்டு மிருக டாக்டர்கிட்ட ஓடினேன். அவரு வயித்தை அமுக்கிப் பாத்துட்டு நடந்ததைக் கேட்டாரு, நான் சொன்னேன். உடனே கதவைச் சாத்திட்டு மெதுவாக் கேக்குறாரு, "சரி, தெற்குப் பிரிவு டீமுங்கள்ல பூனை யாரைச் சொல்லிச்சு?"

கொஞ்சம் துப்புங்க... ஐ, ரத்தம்லாம் ஒண்ணும் இல்ல, ஈறு கோவிச்சுக்கிட்டிருக்கு. நூலு போட்டுத் தேய்க்கிறதில்ல, இல்ல? பொய் சொல்லாதீங்க, நான் பாத்துடுவேன். திரும்ப ஆ... அடுத்து, செட்லர் டெக்கா, வின்ஸ்ஃபோர்டா? வின்ஸ்ஃபோர்டுல ஏழடி உயரத்துக்கு ஒரு பையன் இருக்கானாம், ஆனா கணுக்கால் சுளுக்காம்... ஏன் சார் ரெண்டு கையும் தூக்குறீங்க? ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். வலது கைய இறக்குங்க. வின்ஸ்ஃபோர்டு. அந்தக் கணுக்கால் சரியாயிடும்னு நீங்க சொல்றீங்க, நான் நம்புறேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? பாதி வாய்தான் ஆச்சு! சாஞ்சுக்கோங்க. இந்த நாற்காலியோட பெடல் என் காலடியில இருக்கு, நான் சொன்னாதான் நிமிரும்.

இப்ப ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதுலதான் சார் என் மானமே இருக்கு. பெல்மோர் ஸ்டேட்டா, செயின்ட் ஆல்ட்ரிக்கா? பெல்மோருக்கு சின்னம் கோவேறு கழுதை. ஆல்ட்ரிக் சாமியாருங்க நடத்துற சின்ன காலேஜ், மொத்தப் பசங்களையும் ரெண்டு பஸ்ஸுல ஏத்திடலாம். பெல்மோர் மூணாம் நம்பரு, ஆல்ட்ரிக் பதினாலு. நொரீன்ல இருந்து டிவில கோட்டு போட்டுப் பேசுறவன் வரைக்கும் எல்லாரும் கழுதைதான்றான். யோசிக்கவே வேணாம், கண்ணை மூடிக்கிட்டுப் போடுன்றான்.

நான் எப்படி சார் போடுவேன்? அது ட்வைட் படிச்ச காலேஜ்! ட்வைட் யாரா? என் பழைய புருஷன். டிராக்டர் கடை வெச்சிருக்கானே, நெடுஞ்சாலை ஓரமா, வாசல்ல பெரிய கழுதை பொம்மை நிக்கும், அவன்தான். மார்ச் வந்தா, இந்தப் போட்டி நடக்குற மூணு வாரத்துக்கு அவன் எனக்குப் புருஷனே கிடையாது. சோபா, டிவி, கழுதைத் தொப்பி. ஒரு தடவை பெல்மோர் ஜெயிச்சப்ப என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தி முத்தம் குடுத்தான் சார். சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் பாக்குறேன், இன்னொரு கையில ஒரு குட்டிக் கழுதை பொம்மையையும் தூக்கிச் சுத்தியிருக்கான். எங்க கல்யாணத்தன்னிக்கி கூட அவன் மூஞ்சில அந்தச் சிரிப்பு வரல. எனக்கு இன்னும் வலிக்குது, ஆமா, வெக்கமில்லாம சொல்றேன்.

இப்ப கிறிஸ்டான்னு ஒருத்திய கட்டிக்கிட்டான். ஊர்வல வரிசை ஒட்டிட்டாங்க சார், லைப்ரரி வாசல்ல. எங்க கிளினிக்குக்கு நேர் பின்னாடி யாரு? ட்வைட்டோட டிராக்டர்! அவன் ஓட்டுவான், அவ பின்னாடி ட்ரெய்லர்ல வைக்கோல் மேல உக்காந்து கையாட்டுவா. முன்னாடி நான். பல்லா! அந்த வேஷத்துல நான் நடக்குற வேகத்துக்கு அவன் ஊர்ந்துக்கிட்டே வருவான், மெயின் ரோடு முழுக்க என் பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டு. அது மட்டும் நடந்துச்சு, நான் இந்த ஊரை விட்டே போயிடுவேன்.

அதனாலதான் சார் இந்த வருஷம் கடைசி வரவே கூடாதுன்னு வெறியா இருக்கேன். போன வாரம் டாக்டர் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாரு. "லோரீன், உன் மூணு வருஷத்து ப்ராக்கெட்டும் பாத்தேன். உனக்கு ஆட்டம் நல்லாவே தெரியுது. ஆனா மூணு வருஷமும் பெல்மோரை முதல் ஆட்டத்துலயே தோக்கடிச்சிருக்க, மூணு வருஷமும் அவங்க கடைசி நாலு டீமுக்குள்ள வந்தாங்க. அந்த ஒரு டீமை மட்டும் விட்டுவெச்சிருந்தா நீ பல்லே ஆகியிருக்க மாட்டியே"ன்னாரு. தெரியும் சார்! எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் தெரிஞ்சுதான் எழுதினேன். பூனையைக் கூட அந்த ஆட்டத்துக்கு மட்டும் கேக்கல. பெல்மோர் தட்டுல டூனாவே வைக்கல!

இந்த வருஷம் திருந்திட்டேன். பென்சில்ல "பெ" வரைக்கும் எழுதியிருக்கேன் பாருங்க. அதுக்கு மேல கை போக மாட்டேங்குது. அதான், நீங்க சொல்லிடுங்க. நீங்க ட்வைட்டைப் பாத்ததில்ல, உங்களுக்குக் கோவமில்ல, கணக்கு தெரியும். நீங்க எந்தப் பேருக்குக் கையத் தூக்குறீங்களோ அதான், சத்தியமா, பூனை மேல ஆணை. எங்க, கீழ இந்த மூலைப் பல்லு ஒண்ணுதான் பாக்கி, அதையும் முடிச்சுட்டே கேக்குறேன். செயின்ட் ஆல்ட்ரிக்?... செயின்ட் ஆல்ட்ரிக், சார்?... நல்ல பசங்க, ஜெபம் பண்ணிட்டு ஆடுவாங்க... இல்லையா? கை அசையலையே. சரி. பெல்மோ...

ஓ.

தூக்கிட்டீங்க.

நல்லா உசரமாவே தூக்கிட்டீங்க.

...அடடா, வலிக்குதா சார்? ஐயோ பாவம், முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இருங்க இருங்க, மரத்துப்போற மருந்து தடவுறேன். வலிச்சாத்தானே கையத் தூக்கச் சொன்னேன், அப்ப இது வலிதான், வேற ஒண்ணும் கிடையாது. இல்ல இல்ல, தலையாட்டாதீங்க, மருந்து வழியும். பத்து நிமிஷத்துக்கு வாயே திறக்கக் கூடாது.

நொரீன்! ஏய் நொரீன்! இந்தா, வந்து வாங்கிக்கோ. ஆல்ட்ரிக். ஆமா, பேனாவுலதான் எழுதியிருக்கேன், அழிக்க முடியாது. என்ன அப்படிப் பாக்குற? போ, டாக்டர்கிட்டக் குடு.

அப்புறம் நொரீன், அந்தத் தையக்கார அம்மாவுக்கு ஒரு போன் போடு. பல்லு இடுப்புல ரொம்பப் பிடிக்குது, ஜூலைக்குள்ள கொஞ்சம் பிரிச்சுவிடணும்னு சொல்லு.